பால்கனியில் வைத்த சாம்பார்

டெல்லி குளிரில் எங்கள் வீட்டுக்குப் பால்கனிதான் இரண்டாவது ஃப்ரிட்ஜ். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கே சாம்பார் வைத்து, டப்பாக்களில் ஊற்றி அங்கே அடுக்கிவிடுவேன். கேஸும் மிச்சம், ஆபீஸ் நாட்களில் வேலையும் மிச்சம் என்று எனக்கு ஏகப் பெருமை.

போன ஹோலிக்கு முந்தைய வாரமும் அப்படித்தான் வைத்தேன். காலையில் இன்னும் ஸ்வெட்டர் தேவைப்பட்டதால், மதியம் பால்கனியில் வெயில் சுள்ளென்று அடிப்பதை நான் யோசிக்கவே இல்லை. பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லையே.

புதன்கிழமை சாயங்காலம் அதைச் சூடாக்கி, பசியோடு வந்த என் மகளுக்குச் சாதத்தில் ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவள், "அம்மா, கட்டாவா இருக்கு" என்றாள். டெல்லியில் பிறந்தவள், புளிப்பை அப்படித்தான் சொல்வாள்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கும். வேஸ்ட் பண்ணாம சாப்பிடு" என்று அதட்டினேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

விடிவதற்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேஸ்ட் பண்ணலம்மா, ஃபுல்லா சாப்பிட்டேன்" என்றாள். நான் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீக்கிரமே தேறிவிட்டாள். இப்போது பால்கனியில் துணி மட்டும்தான் காய்கிறது. மிச்சம் வைத்தது எதுவானாலும் முதல் கரண்டி என் வாய்க்குத்தான். அப்படியும், தட்டை வைத்தால் அவள் முதலில் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள்.