மாசாணம் கவிழ்த்த பரிசல்

மாசாணத்துக்குக் காலையில் காப்பி இல்லாவிட்டாலும் ஓடும். மீட்டர் பார்க்காவிட்டால் ஓடாது. பவானி ஆற்றுப் பாலத்தடியில் இருக்கும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டர் காட்டுவதைக் கைப்பேசியில் பார்த்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்துவிட்டுத்தான் பரிசலைத் தூக்குவாள். ஆக்சிஜன் ஐந்துக்கு மேலே என்றால் வலை வீசலாம். மூன்றுக்குக் கீழே போனால் மீன் மூச்சுக்குத் தவிக்கும். துறையில் பதினொரு பரிசல். இந்தக் கணக்கு பார்ப்பவள் இவள் ஒருத்திதான். பக்கத்துப் பரிசல்காரர் இல்யாஸ் "வாங்க டாக்டரம்மா" என்று தினமும் கிண்டலடிப்பார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்!

அன்று விடிந்தும் விடியாமலும் துறைக்கு வந்தால், கரையோரமெல்லாம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மீன் குத்தகை எடுத்திருந்த தம்பிதுரைக்கு வாயெல்லாம் பல்.

"ஏனம்மணி, என்னத்தப் பாத்துட்டு நிக்கறே? வெறுங்கையிலயே அள்ளலாம். எறங்கு!"

"மீனு மூச்சு முட்டிக் கெடக்குதுங்க. தண்ணியில என்னமோ கலந்திருக்குது. இதைய அள்ளி ஆருக்குங்க விக்கறது?"

தம்பிதுரை கைப்பேசியை நீட்டினார். "உன்ற மீட்டரே ஆறு புள்ளி ரெண்டுங்குது. அப்புறமென்ன?"

மாசாணம் மடியிலிருந்த தாள்களைப் பிரித்துக் காட்டினாள். மூன்று நாளாகக் காலையிலும் மாலையிலும் அதே ஆறு புள்ளி இரண்டு.

"வெயில் ஏறுனா ஆக்சிஜன் ஏறும், வெடியறப்ப எறங்கும். அசையாம நின்னா மீட்டரு கெட்டுப்போச்சுங்க."

"எனக்கே பாடம் எடுக்கறயா? எறங்கலீன்னா உன்ற கார்டைக் குடுத்துட்டுப் போ."

அந்த மீன்பிடி அனுமதிக் கார்டு இல்லாமல் இந்த ஆற்றில் மீன் பிடிக்க முடியாது. வேறு பிழைப்பும் அவளுக்குத் தெரியாது. பயந்தாள்தான், யாருக்குத்தான் பயம் வராது? ஆனாலும் பரிசலைத் தண்ணீரில் விடாமல் கரையிலேயே கவிழ்த்துப் போட்டாள்.

அந்தத் துறையில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆற்றில் யாராவது மூழ்கிச் செத்தால்தான் பரிசலைக் கவிழ்ப்பார்கள். அன்றைக்கு யாரும் வலை வீசுவதில்லை.

"எளவு உளுந்த மாதிரி கவுத்துப்போட்டியே, இப்ப ஆரு செத்துப்போனா?" என்று கத்தினார் தம்பிதுரை.

"இன்னும் ஆரும் சாவலீங்க. இந்த மீனைத் தின்னு ஆரும் சாவக் கூடாதுன்னுதான் முன்னாடியே கவுத்துப்போட்டேன். கார்டுதானுங்க? இந்தாங்க."

அவர் கை நீட்டுவதற்குள் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். இல்யாஸின் பரிசல் கவிழ்ந்து கிடந்தது.

"டாக்டரம்மா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் இல்யாஸ். "என்ற கார்டையும் சேத்து வாங்கிக்குங்க."