கண்ணாடிக்காரர் கண்ட பெரிய அணுக்கள்

சிவகாசிப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்த ஐம்பதுகளின் கடைசியில், ரத்தம் சோதிக்க ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். மைக்ராஸ்கோப்பில் குனியும்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நோயாளிகள், "கண்ணாடிக்காரரு பாத்துட்டாகளா?" என்று என்னிடம் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீப்பெட்டி ஒட்டும் பெண் ஒருத்தி வெளுத்துப்போய் வந்தாள். சிவப்பணுக்கள் பாதிகூட இல்லை. அங்கே யார் வெளுத்து வந்தாலும், கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி இரும்புச்சத்து குறைந்துவிட்டது என்று இரும்பு மாத்திரை எழுதுவது வழக்கம். எழுதினேன்.

அவர் வந்து நின்றார். "ஐயா, இரும்பு கொறைஞ்சா அணு சிறுத்துல்ல போகும்? இது எம்புட்டுப் பெருசா இருக்கு! பி-12 ஊசி போடலாமே. ஒருக்கா வந்து பாருங்க."

"எண்ணிச் சொல்றதுதான்வே ஒம்ம வேலை. வைத்தியம் நான் பாத்துக்கிடுவேன்."

வயிறு பி-12 சத்தை ஏற்காத சோகையில் அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்துவிடும் என்று நானும் படித்தவன்தான். அதை அவர் வாயால் கேட்கத்தான் பொறுக்கவில்லை.

நான்கு மாதத்தில், பி-12 இல்லாமல் நரம்பு கெட்டு, அவளுக்குக் கால் மரத்து, நடை தள்ளாடியது. அப்புறம்தான் ஊசி போட்டேன். ரத்தம் தேறியது. கால் தேறவில்லை.

ஒருநாள் அவர் என்னை அழைத்தார். "இப்பப் பாருங்கய்யா, அணுவெல்லாம் சரியான அளவுக்கு வந்துருச்சு." நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றுதான் குனிந்து பார்த்தேன்.

"அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.