அக்ரிமோனியஸ் சண்டையும் அக்காவின் லவ் கேக்கும்

வெள்ளவத்தையில், எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள மண்டபத்தில், வயது போனவர்களுக்கு ஓர் ஆங்கில வகுப்பு நடக்கிறது. அன்று மிஸ் தந்த சொல் ‘அக்ரிமோனியஸ்’. சும்மா கருத்து வேற்றுமைக்கு அது வராதாம். கோபமும் கசப்பும் கொட்டி, இரண்டு பக்கமும் சுடச்சுடக் கதைத்திருக்க வேண்டுமாம். “பின்னேரத்துக்குள்ள ஆரிட்டயாவது பாவிச்சுப் பாருங்கோ” என்றார்.

எனக்கு ஆள் தேடும் கஷ்டமே இல்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவோடு நத்தாரிலிருந்து, அதாவது கிறிஸ்மஸிலிருந்து, பேச்சுவார்த்தை கிடையாது. நான் ரவையும் முந்திரியும் போட்டுச் சுட்டு அனுப்பிய லவ் கேக்கில் ரோஸ் வோட்டர் கூடிவிட்டது என்றாள். அவளுடைய கேக்கைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு, கேக் வைத்து அனுப்பிய என் கண்ணாடிப் பாத்திரம் திரும்பி வரவேயில்லை. எங்கள் வீடுகளில் பலகாரம் வந்த பாத்திரம் ஏதாவது ஒன்றோடு திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் உறவு அறுந்தது என்றுதான் அர்த்தம். அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் நான் இறங்கிப் போவதா? நடக்கிற கதையா!

வீட்டுப்பாடம் என்றால் அது இறங்கிப் போவதாகாதுதானே? எடுத்தேன் போனை. ஹலோ கூடச் சொல்லவில்லை. நத்தாருக்கு நமக்குள் நடந்தது அக்ரிமோனியஸ் சண்டை என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“அப்பிடியெண்டா என்னடி?”

விளக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் அக்காவின் குரல் உயர்ந்தது.

“கசப்போ? ஆருக்கு? உன்ர பாத்திரத்தை வெறுமையா அனுப்பலாமோ? நானும் கேக்கைச் சுட்டுச் சுட்டுப் பாக்கிறன், உன்ர மாதிரி ஒண்டும் வருதில்லை. அதுதான் அனுப்பேல்லை, விசரி!”

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. “கேக் எப்பிடி வந்தாலும் கொண்டு வாங்கோ அக்கா” என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து இறங்கினாள். கேக்கின் ஒரு பக்கம் கருகியிருந்தது. “இதைப் பற்றி ஒரு அக்ரிமோனியஸ் கதையும் கதைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்” என்றாள் வாசலிலேயே. அந்தச் சொல்லை என்னைவிட நன்றாகப் பாவிக்கிறாள், பொல்லாதவள்! கருகலைச் சுரண்டிவிட்டு இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

அவள் வெளிக்கிடும்போது அந்தப் பாத்திரத்தைக் கழுவி, காலையில் பொரித்த கட்லட்டை அடுக்கி, அவள் கையிலேயே கொடுத்தேன்.

“இது உன்ர பாத்திரமெல்லே?”

“ஓம். திருப்பிக் கொண்டு வாங்கோ.”