அப்பாவிடம் கேட்க சேலத்துக்கு

காலை ஆறு பத்துக்குத் திருச்சியில் சேலம் பஸ் ஏறினேன். நூற்று நாற்பது கிலோமீட்டர். ஐம்பத்தெட்டு வயதில் இந்தியாவில் நான் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்க்க வரவில்லை. எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, இரண்டு மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் பினாங்கில் கப்பலேறிய அப்பா, சேலத்திலேயே தங்கிவிட்டார். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகப் பதினெட்டு வருடங்களுக்கு முன் பங்குச் சாமியார் ஒருவர் எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வீட்டுத் துணிகளைத் துவைக்கப் போனாள். போன வருடம் அவளும் போய்விட்டாள். அவள் கேட்காததை நானாவது கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன். செத்தவரிடம் என்ன கேட்பீர்கள் என்று என் மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

முசிறி, தொட்டியம் வரை காவிரியும் வாழைத் தோட்டமும். நாமக்கல் தாண்டியதும் காய்ந்த காடு, நீள நீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். நாமக்கல்லில் ஏறிய ஓர் அம்மாள் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த ஊருங்க?"

"மலேசியா."

"ஒண்டியாவா வந்தீங்க? யாரைப் பாக்கப் போறீங்க?"

"அப்பாவை."

"வழி பாத்துட்டே இருப்பாருங்க சாமி," என்றார். ராசிபுரம் பிரிவில் அவர் இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

பத்தே காலுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையம். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மாபேட்டைக்கு ஆட்டோ நூற்றெண்பது ரூபாய். நான்கு வாரத்துக்குப் பேசியிருந்த மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு வாளி, வேகம் கூடாத மின்விசிறி. கீழே தறி ஓடும் சத்தம் தரையில் வைத்த காலுக்குக்கூடத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா சகுந்தலா பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் மூக்குதான். எரிச்சலாக இருந்தது.

இரண்டரை மணிக்கு, அன்று கடிதம் எழுதிய சாமியாரின் சர்ச் அலுவலகம். எழுத்தர் பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டி, "மூணாவது வரிசை, பதினொண்ணு" என்றார். கல்லறைத் தோட்டம் அங்கிருந்து பத்து நிமிட நடை. கேட்க வேண்டியதை எல்லாம் வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பதினொன்றில் ஒரு சின்ன மண்மேடு இருந்தது. நீல பெயிண்ட் அடித்த சிலுவையில் 'ஸ்டெபி, வயது 6' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

குழி வெட்டுபவரைக் கூப்பிட்டு, "இடம் மாறிப்போச்சு" என்றேன்.

"இதேதாங்க. கல்லறை கட்டாத குழிய பதினஞ்சு வருசம் போனா மறுபடி தோண்டிருவோம். இடம் பத்தலைங்க. உங்காளுங்க யாரும் வந்து கேக்கவும் இல்ல."

"அப்ப அவர்?"

"எங்கயும் போகலைங்க. எலும்ப எடுத்து அடியில வச்சு மண்ணு போட்டு, அதுக்கு மேலதான் பாப்பாவ வச்சோம்."

நாற்பத்தேழு வருடக் கோபத்தைக் கத்தித் தீர்க்கத்தான் வந்திருந்தேன். ஒரு பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு எப்படிக் கத்துவது?

புல் பிடுங்கியவள் ஸ்டெபியின் அம்மா. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"கீழ இருக்கறது உங்க அப்பாங்களா?"

"ஆமாம்."

"அவளுக்குத் தனியாப் படுக்கவே பயமுங்க. அடியில ஒரு பெரியவரு இருக்காருன்னு சொன்னப்பதான் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறுச்சு." மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "புள்ளைங்கன்னா உங்கப்பாவுக்குப் பிரியங்களா? பாத்துக்குவாருங்களா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா பாத்துக்குவார்," என்றேன்.

ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன். கீழே தறி நிற்கவில்லை. மலேசியாவில், எங்கள் தைப்பிங்கில் அம்மாவின் கல்லறைக்குச் சிமெண்டு பூசி, பளிங்கில் பெயர் வெட்டி வைத்திருக்கிறேன். அங்கே யாரும் அதைத் தோண்டப் போவதில்லை. அவள் தனியாகத்தான் கிடக்கிறாள்.