எழுதச் சொன்ன வாக்கியம்

தொம்மலூர்ப் பக்கம் ஒரு கால்வாயோரம் இருந்த வீடுகளை இடிக்க உத்தரவானபோது, அந்தக் குடும்பங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் நான் ஆஜரானேன். ஒரு குடியிருப்போர் சங்கம் கால்வாயைத் தூர்வாரச் சொல்லித்தான் மனுப் போட்டிருந்தது. நீதிபதி தாமாகவே வீடுகளையும் அகற்றச் சொல்லிவிட்டார். ஏரிகளைக் காக்க வந்தவர் என்று ஊரே அவரைக் கொண்டாடிய நேரம். அதே கால்வாயின் மேல் கட்டியிருந்த அலுவலக வளாகத்துக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்தார். இவர்களுக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லை.

அதைத்தான் சொன்னேன். அவர் இடைமறித்து, இவர்களெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே, சொந்த ஊருக்கே போகலாமே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த என் கட்சிக்காரப் பெண் பின்னாலிருந்து, “ஏன் மேடம் சிரிக்கிறாங்க?” என்றார்.

“மை லார்ட், இப்போது சொன்னதை உத்தரவில் எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கு எனக்கு வேண்டும்” என்றேன்.

“இது அவமதிப்பு, தெரியுமா?”

“நீங்கள் சொன்னதைத்தான் எழுதச் சொல்கிறேன்.”

நான் உட்காரவில்லை. அவர் எழுதவும் இல்லை. இடிக்கும் உத்தரவை உறுதிசெய்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வெளியே என் சீனியர் பிடித்துக்கொண்டார். “சேம்பர்ல போய் ஒரு சாரி சொல்லிட்டு வாம்மா. நாளைக்கும் இதே கோர்ட்டுக்குத்தான் வரணும்.”

“வர்றேன் சார். சாரி மட்டும் சொல்ல மாட்டேன்.”

மறுநாளே மேல்முறையீட்டில் வீடுகளை இடிக்கத் தடை வாங்கினேன். மேல்முறையீட்டின் இறுதி விசாரணை அதே உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் முன் வந்தது. மூத்தவர் ஏழைகள் பக்கம் நிற்பவர் என்று பெயர் பெற்றவர். ஏழைகளின் துயரம் பற்றி உருக்கமாகப் பேசத் தொடங்கினார். என் கட்சிக்காரர்களின் முகம் மலர்ந்தது. எனக்கோ பயம் வந்தது. உருக்கத்தில் எழுதிய தீர்ப்பு டெல்லியில், உச்ச நீதிமன்றத்தில், நிற்காது.

“மை லார்ட், நாங்கள் இரக்கம் கேட்டு வரவில்லை. விசாரிக்காமல் வீட்டை இடிக்கக் கூடாது என்பது சட்டம். அதை மட்டும் எழுதினால் போதும்.”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் அதையேதான் எழுதினார், சுருக்கமாக.

“நமக்காகப் பேசினவரையும் ஏன் மேடம் முறைச்சிக்கிட்டீங்க?” என்றார் அந்தப் பெண், படியிறங்கும்போது.

“அடுத்த தடவை வேற ஜட்ஜ் உக்காந்திருப்பார்மா. எழுதினதுதான் கூட வரும்.”

அந்தத் தீர்ப்பின்படி அதிகாரிகள் ஒவ்வொரு வீட்டையும் விசாரித்த பிறகு சில குடும்பங்கள் மாற்று வீட்டுக்குப் போயின. மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அந்த முதல் நீதிபதி இன்றும் என் வழக்குகளைக் கடைசியில்தான் எடுக்கிறார். நான் காத்திருந்து, பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.