சிவாவின் வண்டிக்கு ஜப்பான் என்ஜின்

போன சனிக்கிழமை காலை. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு ஏறும் படிக்கட்டின் கீழே எங்கள் பிக்கப் வந்து நிற்கிறது. ஏறுவதற்கு ஒரு பிள்ளையைக் காணோம்!

சாதாரண நாளாக இருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. முன் சீட்டில் எனக்கும் டிரைவருக்கும் நடுவே என் மகள் கவிதா உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மேல் லயத்துப் பிள்ளைகள் எங்கே? மறந்துவிட்டார்களா? பரீட்சையையா மறப்பார்கள்?

பிள்ளைகளே, இத்தனைக்கும் காரணம் ஒரு டீசல் என்ஜின் என்றால் நம்புவீர்களா? பொறுங்கள்... வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் மனைவியின் தம்பி சிவாவுடையது. பாரம் ஏற்றும் பெரிய பிக்கப். காலையில் பின்னால் பெஞ்சு போட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டனில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவான். பிறகு பெஞ்சைக் கழற்றிவிட்டு லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றுவான். பாடி நல்ல பாடி. என்ஜின்தான் கிழண்டுவிட்டது. கினிகத்தேனையிலிருந்து பாரத்தோடு ஏறும்போது பின்னால் வருகிற பஸ்காரர்கள் எங்களைத் திட்டாத நாள் கிடையாது. அத்தனை புகை, அத்தனை முனகல்!

என்ன செய்வது? பழைய என்ஜினையே பிரித்து வேலை பார்ப்பதா? ஜப்பானில் கழற்றி இங்கே வந்து இறங்கும் பெரிய என்ஜின் ஒன்றை மாட்டுவதா? இல்லை, வண்டியையே விற்றுத் தொலைப்பதா? எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் இதே பேச்சு. நேற்றுச் சொன்னதை நான் இன்றைக்கு மாற்றிச் சொல்வேன். சிவா அந்த இன்றைக்குள்ளேயே மாற்றிவிடுவான்.

கினிகத்தேனையில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் போனோம் — மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களக்காரர். சிவாவைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தமிழைக் கலந்து பொறுமையாகச் சொன்னார்.

"மல்லி, என்ஜின் மட்டும் மாத்தினா வேலை முடியாது. பலம் கூடினா பிரேக் பாக்கணும். ரேடியேட்டர் பாக்கணும். கியர் பாக்ஸ் தாங்குமா, அதும் பாக்கணும். ஏறினா போதுமா? எறங்கவும் வேணும் தானே?"

எல்லாம் பார்த்தோம். ஒன்றையும் விடவில்லை... என்று நினைத்தோம். பள்ளிக்கூடம் லீவாக இருந்த வாரத்தில் வேலையை முடித்து, பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் ஜப்பான் என்ஜினோடு வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. சிவா ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கேக்குதா மச்சான்?"

"என்னது?"

"அதான்! ஒண்ணுமே கேக்கல பாருங்க!"

மறுநாள் காலை வண்டி பூனை மாதிரி மலை ஏறியது. அப்படி ஏறி வந்து நின்ற இடத்தில்தான் ஆளில்லை.

சிவா ஹாரனை அடித்தான். மறுபடியும் அடித்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கிப் படியில் ஓடினேன். மேலே போனால்... வெள்ளை யூனிபோர்ம் போட்டு, தலை வாரி, லயத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

"என்ன பிள்ளைகளா, ஏன் இன்னும் வரல?"

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் செல்வி அக்கா உள்ளேயிருந்து வந்தார். "வண்டி வந்தாத்தானே அண்ணே வருவாங்க?"

"வண்டி கீழதான் நிக்குது!"

"சும்மா சொல்லாதீங்க. சத்தமே இல்லையே!"

"ஹாரன் அடிச்சோமே?"

"மொடக்கு மொடக்கா வளையிற ரோட்டுல எல்லா வண்டியுந்தான் ஹாரன் அடிக்குது. எது ஒங்க ஹாரன்னு நாங்க கண்டோமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே ரோட்டில் ஒதுங்கி நிற்க ஒரு கூரை கிடையாது. எப்போதும் தூறல். அதனால் எங்கள் பழைய என்ஜின் ஃபேக்டரி வளைவில் முனகத் தொடங்கியதும்தான் மேல் லயத்துத் தாய்மார் பிள்ளைகளைக் கிளப்புவார்கள். நாங்கள் வெட்கப்பட்ட அந்தச் சத்தம் அவர்களுக்குப் பள்ளிக்கூட மணி! அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, போட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

பிள்ளைகள் தடதடவென்று இறங்கினார்கள். கவிதா எட்டிப் பார்த்துத் தன் வகுப்புத் தோழியைத் தேடினாள். "அப்பா, தர்ஷினி எங்க?"

"அவள அவங்கம்மா கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே! வண்டி பழுதுன்னு நெனச்சு, மலைக்குள்ள குறுக்குப் பாதையில எறங்கிட்டாங்க. மெயின் ரோட்டுல பஸ் புடிக்கப் போறாங்களாம்," என்றாள் ஒருத்தி.

சனிக்கிழமை பஸ்ஸை நம்பலாமா? நாங்கள் ரோட்டில் ஏறி வந்த நேரத்தில் அவர்கள் தேயிலைக்குள் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வருடம் முழுக்கப் படித்ததெல்லாம்...?

சிவா வண்டியைத் திருப்பினான். சின்ன கியரில் இறக்கினான். நான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு பனிக்குள் தேடினேன். மெயின் ரோட்டை நெருங்கும்போது ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே நாலு கால். சிவா ஹாரன் அடித்தான். அந்தத் தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளைக் காணோரமாக, ரோட்டு வாய்க்கால் பக்கம், இழுத்துக்கொண்டார். யாரோ தெரியாத வண்டிக்கு வழி விடுகிறார்!

"லெச்சுமி! நம்ம வண்டிம்மா! ஏத்து பிள்ளைய!" என்று கத்தினேன்.

அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "யாரு, சிவாவா? சத்தமே இல்லாம, செத்தவன் எந்திரிச்சு வந்த மாதிரியில்ல வர்றான்!"

பின்னால் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹட்டன் வரைக்கும் வரவில்லை. பள்ளிக்கூட கேட் மூடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கடைசியாக ஓடியவள் தர்ஷினி. ஒரு சப்பாத்தின் லேஸ் அவிழ்ந்தபடியே உள்ளே போய்விட்டாள்.

சரி, என்ஜினை மாற்றியது லாபமா, நட்டமா? லாபம்தான். புகை இல்லை. டீசல் மிச்சம். பாரத்தோடும் மலை ஏறுகிறது. ஆனால் பிள்ளைகளே, ஒரு பழைய பொருளைத் தூக்கிப் போடும்போது, அது நமக்கு என்ன செய்தது என்று மட்டும்தான் யோசிக்கிறோம். மற்றவர்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறோமா? அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவோம்?

ஆட்டோவில் பேக்கரி ரொட்டியான பாண் விற்பவர்களைப் போலப் பாட்டுப் போட்டு வரலாமா என்று சிவா கேட்டுப் பார்த்தான். "வேணாஞ்சாமி, பாண்காரன்னு நெனச்சு காசைத் தூக்கிக்கிட்டு ஓடியாருவோம்," என்றுவிட்டார் செல்வி அக்கா. அதனால் இப்போதெல்லாம் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, அவனே மேல் லயம் வரை ஏறிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறான்.

திங்கட்கிழமை படியேறி முடித்தவன், சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "என்ஜினுக்கு மூச்சு வந்துருச்சு மச்சான்... எனக்குத்தான் போயிருச்சு!"