பெலிக்ஸ் கொண்டுவந்த ஒற்றைத் தவளை

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெலிக்ஸ் லேப் அட்டெண்டர். முப்பத்தோரு வருச சர்வீஸ், வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. ஒரு காலத்தில் பிளஸ் டூ பிராக்டிகல் வந்துவிட்டால் ஹெட்மாஸ்டரைவிட அவருக்குத்தான் கிராக்கி. மழை விட்ட சாயங்காலம் சித்தையன்கோட்டை வயலில் இறங்கினால் அரை மணியில் ஈரச்சாக்கு நிறையத் தவளை. “பெருசா ஒண்ணு எனக்கு எடுத்து வைங்கண்ணே” என்று பையன்கள் கெஞ்சுவார்கள். கத்தியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த பிராங்கிளின் இன்று மதுரையில் பெரிய சர்ஜன். அந்த நாட்களை நினைத்தால் குளோரோஃபார்ம் வாடைகூட பெலிக்ஸுக்கு இனிக்கும். பிறகு தவளை அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவரைத் தேட ஆளில்லாமல் போயிற்று.

இந்த வாரம் விலங்கியல் டீச்சர் மரியசெல்வி, சிவப்புக் கங்காருவையும் வயல் தவளையையும் ஒப்பிட்டு அட்டவணை போடச் சொன்னார். இரண்டும் முதுகெலும்பிகள். ஒன்று வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி, மற்றது நீரில் முட்டையிடும் இருவாழ்வி. கங்காருவைப் பற்றிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். தவளையைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவருமில்லை.

“அண்ணே, உயிரோட ஒரு தவளை கிடைக்குமா?”

“ஒண்ணென்ன டீச்சர், ஒரு சாக்கு கொண்டாரேன்” என்று பெலிக்ஸ் வாயை விட்டார்.

மூன்று சாயங்காலம் அலைந்தார். வயல்காரர் பெருமாள்சாமி சிரித்தார். “அம்புட்டையும் நீதான அப்பு அள்ளிட்டுப் போன?”

மருந்தடித்தது யார், வாய்க்காலை மூடியது யார் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் அடுத்த வரப்புக்கு நடந்தார். வியாழனன்று பம்புசெட் தொட்டியில் ஒன்றே ஒன்று அகப்பட்டது.

வெள்ளி காலை லேபுக்குள் நுழைந்தார். அலமாரியைத் திறந்தார், ஜாடியை எடுத்தார், பஞ்சை மயக்கமருந்தில் நனைத்தார், தவளையைப் போட்டு மூடினார். கை பழகியதைச் செய்துவிட்டது, புத்தி பின்னால்தான் வந்தது.

“உயிரோடதான கேட்டேன், அண்ணே?” வாசலில் மரியசெல்வி.

பெலிக்ஸ் பதறி ஜாடியைத் திறந்தார். தவளையை அள்ளிக் குழாயடியில் பிடித்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். இரண்டு நிமிடம் கழித்து அதன் தொண்டை மெல்லத் துடித்தது. பெலிக்ஸுக்குக் கண் கலங்கியது, மறைக்கவுமில்லை.

மாணவி மஹ்ஜபீன் அட்டவணையின் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். “அண்ணே, பாதுகாப்பு நிலையில ரெண்டுக்குமே ‘கவலை குறைவு’ன்னு போட்டிருக்கு, அழியுற ஆபத்து இல்லையாம். சரிதானா?”

“சரியாத்தான்மா இருக்கும். அதைப் போட்டவுங்க உலகம் பூராத் தேடியிருப்பாங்க. நான் சித்தையன்கோட்டையிலதான தேடுனேன்.”

சாயங்காலம் பிரிவுபசார சால்வையைக் கழற்றாமலே பஸ் ஏறினார். பம்புசெட் தொட்டியோரம் குனிந்து தவளையை விட்டார். முப்பத்தோரு வருசத்தில் அவர் கொண்டுபோனவற்றில் உயிரோடு வீடு திரும்பியது அது ஒன்றுதான்.